ஒழுகாத குழாய்

பின்னறையில் அந்தச் சத்தம் கேட்டபோது அவள் மெஷினை நிறுத்தவில்லை.

மடிப்பு பாதியில் இருந்தது. துணி வழுக்குகிற ரகம். நடுவில் விட்டால் ஓரம் கோணிக்கொள்ளும், பிறகு பிரித்துத்தான் தைக்க வேண்டும். அந்த மடிப்பை முடித்து, நூலை வெட்டி, மடியில் கிடந்த துணியை அள்ளி மேசைமேல் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். எழுந்த பிறகு தன்மேலேயே வெறுப்பாக வந்தது. புருஷன் விழுந்து கிடக்கிறார், இவள் ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வது, சத்தம் பழகிப்போயிருந்தது. முதலில் தொப்பென்று ஒன்று, அதன் பின்னாலேயே எதையாவது இழுத்துக்கொண்டு சரிகிற கடகடப்பு, அப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனம்தான் அவளுக்கு ஆகாது. ஐயோ என்றாவது கத்தித் தொலைக்கலாம் மனிதர். மாட்டார்.

போய்ப் பார்த்தால், கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில், கட்டில் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கால் செருப்பு கட்டிலுக்கடியில் போயிருந்தது.

"என்ன?" என்றார், அவள்தான் ஏதோ தொந்தரவு செய்ய வந்தவள் மாதிரி.

"என்னவா? என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

"சும்மா உக்காந்திருக்கேன்."

"தரையிலயா?"

"புழுக்கமா இருந்துச்சு. தரை குளுகுளுன்னு இருக்கு."

வெளியே நாலைந்து நாளாக விடாத மழை. ஜன்னல் கம்பியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் தைத்துக்கொண்டிருந்தாள்.

அறை மூலையில் வாக்கர் நின்றது. நாலு கால், முன்னால் இரண்டு சக்கரம், பிடிக்க ரப்பர் கைப்பிடி. அதன்மேல் ஒரு துண்டும் காயாத சட்டை இரண்டும் விரித்துப் போட்டிருந்தன. வந்த நாளிலிருந்து அதற்கு அந்த வேலைதான். மழைக்காலத்தில் நன்றாகவே உதவியது.

எல்லாரும் அவரை லாரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். லாரியை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது, பெயர் மட்டும் இறங்கவில்லை. ஆள் ஆகிருதி அப்படி. தோள் ஒரு கதவகலம். உட்கார்ந்தே ஓட்டிய உடம்பு, கீழ்ப்பாதியும் அதற்கேற்ற கனம். அவளோ அவரில் பாதிகூட இல்லை. அவரை அவள் தனியாகத் தூக்குவதென்பது பீரோவை ஒருத்தியாக மாடியேற்றுகிற கதை. அதனால் ஒவ்வொரு முறை அவர் விழும்போதும் ஜன்னலில் நின்று கீழே வெல்டரைக் கூப்பிட வேண்டும். அவர்களுடைய வீட்டுக்கு நேர் கீழேதான் அவன் பட்டறை. கண்ணாடி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கூட ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு மாடியேறி வருவான். நல்லவன், முகம் சுளிக்க மாட்டான். ஆனால் வாய் சும்மா இருக்காது. "என்ன அண்ணே, மறுபடியும் பஞ்சரா?" என்று கேட்டுக்கொண்டே அக்குளில் கை கொடுப்பான். அன்று சாயங்காலம் வரை லாரிக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பாட்டைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

விழாமல் இருப்பதற்காக அந்த வீட்டில் செய்யாதது எதுவுமில்லை. வெளியூரில் வேலையாக இருக்கிற மகளிடம் ஒவ்வொரு விழுதலையும் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூரியர் வந்தது. அடியில் உறிஞ்சிகள் வைத்த ரப்பர் விரிப்பு வந்தது. காலைக் கீழே வைத்தால் தானாக எரிகிற விளக்கு வந்தது. தலைமாட்டில் வைத்துக்கொள்ள மணி வந்தது. வாக்கர் வந்தது. குளியலறையில் இருபக்கமும் பிடித்துக்கொள்ள வெல்டர் கம்பி அடித்துக் கொடுத்தான். லாரிக்காரர் அதில் சவரச் சாமான் பையை மாட்டினார். எல்லாம் வந்தது, அவருக்குப் புத்திதான் எந்தக் கூரியரிலும் வரவில்லை என்று அவள் மகளிடம் ஒருநாள் போனில் சொன்னாள். மகள் சிரிக்கவில்லை. "அம்மா, நீ கூடவே இருந்து பாத்துக்கணும்மா" என்றாள். கூடவே இருக்கணுமாம். ஹோட்டல்காரனுக்கு மாடி மாடியாக ஜன்னல் திரை யார் தைத்துக் கொடுப்பது?

இதெல்லாம் போதாதென்று அந்தக் குளியலறைக் குழாய். காலையில் அவள் எழுந்து போனால் தரை நனைந்து கிடக்கும். பிளம்பரைக் கூப்பிட்டு வாஷர் மாற்றினாள். மறுநாளும் ஈரம். குழாயையே மாற்றச் சொன்னாள். மாற்றினான். அதற்கும் மறுநாள் ஈரம். அவனை வாசலில் நிறுத்தி, தெருவே கேட்கும்படி பேசிவிட்டாள். "அக்கா, இந்தக் குழாய் ஒரு சொட்டு ஒழுகுதுன்னு காட்டுங்க, நான் தொழிலையே விட்டுடறேன்" என்று ஸ்பேனரைத் தரையில் வைத்துச் சத்தியம் பண்ணினான் அவன். அவள் நம்பவில்லை. வயதான மனிதர் நடமாடுகிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, இவன் சத்தியம் பண்ணுகிறான்.

"கீழ கூப்பிடறேன்" என்று இப்போது ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"வேணாம்."

"அப்ப எப்படி எந்திரிப்பீங்க?"

"கொஞ்ச நேரத்துல நானே எந்திரிச்சுப்பேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. சொல்லிட்டு மதியம் வரைக்கும் உக்காந்திருந்தீங்க. கால் மரத்துப்போயி, அப்புறம் அவனும் அவன் ஆளும் சேந்து தூக்கறதுக்குள்ள அவனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"அவனுக்கு ஏற்கனவே இடுப்பு சரியில்ல."

"சாயங்காலம் ஹோட்டல்லேந்து ஆள் வருவாங்க. இன்னும் ஒரு மாடிக்குத் தைக்கணும். ரிங் அடிக்கணும். இஸ்திரி போடணும். நான் உங்ககூட இங்க குந்திக்கிட்டு இருக்கணுமா?"

"யாரு இருக்கச் சொன்னா? போய்த் தை."

"நீங்க இப்படிக் கெடப்பீங்க, நான் போய்த் தைப்பேனா?"

"இவ்ளோ நேரம் தச்சுட்டுத்தானே வந்த?" என்றார் அவர். "சத்தம் கேட்டப்புறமும் மெஷின் ஓடுச்சு. காது நல்லாத்தான் இருக்கு எனக்கு."

அது சுரீரென்று பட்டது. ஜன்னலைப் பார்க்க நடந்தாள். ஓரடி எடுத்து வைத்திருப்பாள், கணுக்காலை ஒரு கை கவ்விப் பிடித்தது. ஸ்டீயரிங் பிடித்த கை. அவள் தடுமாறி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க! நானும் விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் யாரு பொறுக்கறது?"

"அவனக் கூப்பிடாத."

"ஏன்? அவன் என்ன பண்ணான் உங்கள?"

"கூப்பிடாதன்னா கூப்பிடாத. இன்னைக்கு வேணாம். சொல்றேன்ல."

"வாக்கர் வேணாம். கம்பி வேணாம். மணி அடிக்கவும் மாட்டேன். மனுசாளும் வேணாம். அப்ப என்னதான் வேணும்? சொல்லித் தொலை! நீ விழுந்து விழுந்து எந்திரிப்ப, நான் ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துப் பொழைக்கணும், அதானே? ஒரேயடியா இடுப்ப ஒடச்சுக்கிட்டுப் படுத்துடு. ஒரு எடத்துல கெடப்ப. எனக்கும் நிம்மதி!"

கத்தி முடித்ததும் அறையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கணுக்காலில் இருந்த பிடி தளர்ந்தது.

"என்ன, 'நீ'ன்னு சொல்ற" என்றார் லாரிக்காரர்.

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து, எத்தனை சண்டையில், எத்தனை பட்டினியில், அவர் லாரியோடு வாரக்கணக்கில் காணாமல் போய் வந்து நின்றபோதுகூட, அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. வாயைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசானது மாதிரியும் இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

"வந்துடுச்சு" என்றாள்.

"பரவால்ல."

அவளும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்காரும்போது ஊன்றிய கை நனைந்தது. குளியலறையிலிருந்துதான் வழிந்து வந்திருக்கிறது, அந்தப் பாழாய்ப்போன குழாய், அந்தப் பிளம்பரை இன்றைக்கு உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கையை முகத்தருகே கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தினாள்.

குழாய்த் தண்ணீர் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். அவர் மடியில் போர்வையின் ஒரு முனையை இழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே பைஜாமா தொடை வரை கருத்திருந்தது. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்திருந்தது.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கோத்துக்கொண்டு வந்தது. காலையில் நனைந்து கிடக்கிற குளியலறை. துவைத்த நினைவே இல்லாமல் கொடியில் தொங்குகிற பைஜாமா. கூப்பிட்டாலும் கல்யாணத்துக்கோ சாவுக்கோ எங்கும் வராத பிடிவாதம். தண்ணீர்ச் செம்பைத் தொடாமல் திருப்பி அனுப்புவது.

"குழாய் ஒழுகல" என்றாள்.

"இல்ல."

"நீங்க எந்திரிச்சு அலசிப் போட்டிருக்கீங்க."

"நீ முழிக்கறதுக்குள்ள."

"எவ்ளோ நாளா?"

"அந்த வாஷர் மாத்துனியே, அதுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே."

"அடப்பாவி மனுசா. அந்தப் பிளம்பர வாசல்ல நிக்க வெச்சு வாயில வந்ததெல்லாம் பேசினேனே."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"கேட்டுட்டு உள்ள சும்மா இருந்தீங்க!"

"அவன் ஒண்ணும் அவ்ளோ யோக்கியன் இல்ல. அந்தத் திட்ட வேற எதுக்காவது சேத்து வெச்சுக்கட்டும்."

சிரிப்பு வந்தது அவளுக்கு, கூடவே அழுகையும். இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். இப்போது சிரித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார் என்று தெரியும்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? எனக்கு அடக்க முடியல, துணியிலயே போயிடுதுன்னா? யார்கிட்ட? உங்கிட்டச் சொன்னா நீ அடுத்த நிமிசம் போன எடுத்து நம்ம பொண்ணுகிட்டச் சொல்லுவ. அவ ஒரு பெட்டி அனுப்புவா." பொருமினார். "வந்தா நிக்காதுடி. வருதுன்னு தெரியறப்பவே வந்துடுது. படுத்திருக்கறவன் சட்டுனு எந்திரிச்சாத்தான் ஆச்சு. எந்திரிச்சா கண்ண இருட்டிக்கிட்டு வருது. இதுல செருப்பத் தேடணும், வெளக்கத் தேடணும், அந்த வண்டிமேல கெடக்கற துணிய எடுத்துப் போட்டுட்டு வண்டியத் தள்ளணும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"அதான் தண்ணியே குடிக்கறதில்லையா?"

"குடிச்சாத்தானே வரும்."

"குடிக்காமத்தான் வருதே!"

அவர் போர்வை முனையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவனக் கூப்பிட்டா என்ன ஆகும், சொல்லு" என்றார். "வந்து அக்குள்ல கை குடுப்பான். பஞ்சரான்னு கேப்பான். கேக்கட்டும். இன்னைக்கு இந்தத் துணியோட என்னத் தூக்குவான். அப்புறம் அவன் என்ன எதுவும் கேக்க மாட்டான் பாரு. அது எனக்கு வேணாம்."

அவள் எழுந்தாள். வாக்கர்மேல் கிடந்த துணிகளை உருவிக் கட்டிலில் எறிந்தாள். வேறு பைஜாமா கொண்டுவந்தாள், வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள். தரையைத் துடைத்து, அதன்மேல் திரைக்கு உள்ளே கொடுக்கிற தடித்த துணியில் ஒரு பழந்துண்டை விரித்தாள். உட்கார்ந்தபடியே அவர் ஒருக்களிக்க, அவள் இழுக்க, ஈரத்துணி கழன்றது. இத்தனை கனமான மனிதரின் கால்கள் இவ்வளவு மெலிந்துவிட்டதை அவள் அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தாள். நடக்காத கால்கள். விழுந்துவிடுவார் விழுந்துவிடுவார் என்று எல்லாரும் சேர்ந்து உட்கார்த்திவைத்த கால்கள். அதற்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"அந்த எக்சர்சைஸ் பொண்ணு வந்துச்சே" என்றாள், பைஜாமாவை இடுப்புவரை ஏற்றிவிட்டு. "தரையிலிருந்து எப்படி எந்திரிக்கணும்னு சொல்லிக் குடுக்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன கொழந்தையா, தவழச் சொல்றியான்னு கேட்டேன்."

"இப்பத் தவழுங்க."

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நான்தானே பாத்துட்டு நின்னேன். நீங்க கதவச் சாத்திக்கிட்டீங்க. மொதல்ல எங்கயாவது வலிக்குதா, அதச் சொல்லுங்க. பொய் சொன்னீங்கன்னா மெய்யாலுமே கீழ கூப்பிட்டுடுவேன்."

"முட்டி எரியுது. வேற ஒண்ணுமில்ல."

"இடுப்பு?"

"இல்ல. சத்தியமா."

சமையலறையிலிருந்து கனமான மர நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோடு முட்டுக்கொடுத்து வைத்தாள். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். முழங்கையை ஊன்றி, அப்புறம் உள்ளங்கையை ஊன்றி, முட்டிபோட்டு நிற்க வேண்டும். முதல் முறை முழங்கையிலேயே நின்றுவிட்டார். மூச்சு லாரி மேடேறுவதுபோல இரைந்தது. இரண்டாம் முறை முட்டிக்கு வந்தார், நாற்காலியை எட்டுமுன் கை வழுக்கியது, கன்னம் துணியில் போய் இடித்தது.

"முடியலடி. விடு."

"விட முடியாது."

"கத்தாத."

"கத்துவேன். இத்தனை நாள் என்னக் கத்த வெச்சீங்கல்ல, இப்பக் கேளுங்க. கைய அகலமா வைங்க. இன்னும். தலையத் தூக்குங்க. நாற்காலிய மட்டும் பாருங்க."

கொஞ்சம் ஓய்வு கொடுத்து, ஒரு மடக்கு டீயைப் புகட்டிவிட்டு, மறுபடியும். இந்த முறை நாலு காலில் ஊர்ந்து நாற்காலிக்கு வந்தார். இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றினார். பலமான காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தைப் பதிக்க வேண்டும். எது பலமான கால் என்று இருவருக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. கடைசியில் அவள் சொன்ன காலைத்தான் வைத்தார். அவள் பின்னாலிருந்து பைஜாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், தூக்குவதற்கல்ல, சும்மா, இருக்கிறேன் என்று தெரிவதற்கு. உறுமிக்கொண்டே எழும்பினார், திரும்பினார், நாற்காலியில் விழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. தாங்கியது.

யாரும் வரவில்லை. யாரும் தூக்கவில்லை. வேர்த்துக் கொட்டிய முகத்தோடு தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்த் தை" என்றார்.

ஹோட்டல்காரர்கள் வந்தபோது அரை மாடிக்கான திரைகள்தான் தயாராயிருந்தன. அதற்கும் அவள் பேச்சு வாங்கினாள்.

டாக்டரிடம் அவரை அழைத்துக்கொண்டு போவதற்குள் இன்னொரு சண்டை. மழை விட்டபின் போகலாம் என்றார். மழை விட்டது. முட்டி எரிச்சல் போகட்டும் என்றார். போனது. பிறகு வாக்கர் இல்லாமல் வருவதானால் வருகிறேன் என்றார். அவள் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, ஒரு தையல்கூடப் போடாமல் அன்று முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவரே சட்டை மாட்டிக்கொண்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "லாரி ஓட்டினவனக் கைவண்டி தள்ள விட்டுட்ட" என்றார். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கி வைத்திருந்தாள். அதையும் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா சின்ன வயது. என்ன பிரச்சினை என்று கேட்டாள். லாரிக்காரர் மேசையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அவள் சொல்ல வாயெடுத்தாள். "அவரே சொல்லட்டும்" என்றாள் டாக்டரம்மா. பேனாவிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா படுக்கவைத்து பிரஷர் பார்த்தாள், எழுந்து நிற்கவைத்துப் பார்த்தாள். நின்றால் சரசரவென்று இறங்குகிறது என்றாள். மாத்திரை ஒன்றை நிறுத்தினாள், ஒன்றை மாற்றினாள். பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். எழுந்தால் உடனே நிற்காமல் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு நிற்க வேண்டும். தலைமாட்டில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடக்க முடியாததற்கு வேறொரு டாக்டரைப் பார்க்க வேண்டும், வைத்தியம் இருக்கிறது. கால்களுக்குத் தினமும் பயிற்சி. உட்காரவே வைக்காதீர்கள்.

"இனிமே விழ மாட்டாரில்ல?" என்று கேட்டாள் அவள்.

"கம்மியாகும்மா. விழவே மாட்டார்னு நான் சொல்ல முடியாது."

அத்தனை சண்டைக்கும் அப்புறம் இதுதானா என்று வெளியே வரும்போது அவளுக்கு ஆயாசமாக இருந்தது. அவர் நடக்கிற வேகத்துக்கு அவள் நடக்க வேண்டியிருந்தது. வாக்கரை ஒரு தள்ளு, ஓர் அடி. ஒரு தள்ளு, ஓர் அடி. நடைபாதையில் கல் பெயர்ந்த இடத்தில் சக்கரம் மாட்டியது. பின்னால் வந்தவர்கள் சலித்துக்கொண்டு விலகிப் போனார்கள். அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தள்ளினார். ஆட்டோ நிற்கிற முனை கண்ணுக்கெதிரே இருந்தது, கிட்டே வரமாட்டேன் என்றது.

ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"என்ன, மயக்கமா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கைப்பிடியை இறுக்கினார். பிறகு, தெருவில் அத்தனை பேர் போய்வர, அவளைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்.

"எனக்கு வருது."

எதிரே ஒரு சலூன். கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து அவரைப் படியேற்றினாள். உள்ளே நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார், சுவரோரம் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள்.

"கஸ்டமருக்குத்தாம்மா அது" என்றார் சலூன்காரர், கத்தியை நிறுத்தாமல்.

"அவரும் கஸ்டமர்தான். அடுத்த முடி அவருக்கு வெட்டுங்க. இப்பப் பாத்ரூம் எங்கன்னு சொல்லுங்க. அவசரம்."

அவள் குரலில் இருந்தது என்னவோ, சலூன்காரர் கத்தியாலேயே பின்பக்கம் காட்டினார். "ஒரு படி எறங்கணும், பாத்து. லைட்டு வெளிய இருக்கு." காத்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவள் விளக்கைப் போட்டாள், வாக்கரைப் படிக்குக் கீழே முதலில் இறக்கினாள், அப்புறம் அவரை. கதவைத் தாழிட வேண்டாம், சாத்தினால் போதும் என்றாள். அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் கதவில் காதை வைத்தபடி நின்றாள்.

"மெதுவா" என்றாள். "யாரும் வெரட்டல. செவுத்தப் பிடிச்சுக்கோங்க. பிடிச்சீங்களா? தரை ஈரமா இருந்தா நகராதீங்க, அங்கயே நில்லுங்க, நான் வரேன்."

உள்ளே சத்தமில்லை.

"கேக்குதா? பிடிச்சீங்களா?"

"பிடிச்சிருக்கேன்டி" என்றார் லாரிக்காரர் உள்ளேயிருந்து, சலூனுக்கே கேட்கும்படி. "நீ கொஞ்சம் தள்ளிப் போ. கதவுகிட்ட நின்னு பேசினா எங்கேந்து வரும்?"

நுரை முகத்துக்காரர் சிரிப்பில் குலுங்கினார். சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் தள்ளிப் போய், காத்திருந்தவர்களோடு சுவரோரம் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.